தண்டுவடத்தைச் சுற்றிய பாதிப்புகள்: எம்.ஆர்.ஐ. படத்தில் நீரைப் படிக்கும் முறை

தண்டுவட எம்.ஆர்.ஐ. படத்தைப் படிக்கத் தொடங்கும் முதுநிலை மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஏதேனும் ஒன்று கண்ணில் பட்ட உடனே அதற்குப் பெயர் வைத்துவிடுகிறார்கள்; அது எந்த அறையில் குடியிருக்கிறது என்று கேட்பதில்லை. ‘லீஷன்’ என்ற பொதுப்பெயரில் நாங்கள் அடக்கிவிடும் கட்டி, சீழ், இரத்தக்கட்டு, நீர்ப்பை, அழற்சி ஆகிய எல்லாவற்றுக்கும் இங்கே மூன்றே இருப்பிடங்கள் உண்டு: டியூரா எனப்படும் கடின உறைக்கு வெளியே, அந்த உறைக்கு உள்ளே ஆனால் தண்டுவடத்துக்கு வெளியே, தண்டுவடத்துக்கு உள்ளேயே. இருப்பிடம் உறுதியானால் சாத்தியமான நோய்களின் பட்டியல் ஐந்தாறாகச் சுருங்கிவிடும். அதில் தவறினால், பிறகு செய்யும் யூகங்களெல்லாம் தவறான தெருவில் நின்று வீட்டு எண்ணைத் தேடுவதாகவே முடியும். அந்த இருப்பிடத்தைக் காட்டிக்கொடுப்பதில் கட்டியின் நிறத்தைவிட, தண்டுவடத்தைச் சூழ்ந்திருக்கும் மூளைத் தண்டுவட நீர் பன்மடங்கு நம்பகமான சாட்சி. இந்த வழிகாட்டி அந்த நீரைப் படிப்பது பற்றியது.

எந்த இடத்தைப் படமெடுப்பது

ஸ்கேன் அறைக்கு வருவதற்கு முன்பே பல தவறுகள் நிகழ்ந்துவிடுகின்றன. என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மா, கால்கள் கனக்கின்றன என்று சொல்லி, ஒரே ஆண்டில் இரண்டு முறை இடுப்பு முதுகெலும்பு ஸ்கேன் எடுத்திருந்தார். இரண்டாவது படத்தைப் படித்தது நான்தான். எல்4, எல்5 எலும்புகளுக்கிடையே டிஸ்க் பிதுங்கியிருந்தது. அந்த வயதில் அது யாருக்குத்தான் இராது? அதையே எழுதி அனுப்பிவிட்டேன். சில மாதங்கள் கழித்து அவர் மீண்டும் வந்தபோது, “நடந்தா பஞ்சு மேல மிதிக்கிற மாதிரி இருக்கு டாக்டர், செருப்பு கழண்டு போனதுகூடத் தெரியல” என்றார். செருப்பு காலில் இருக்கும்போது நழுவுவதும், அது நழுவியது தெரியாமல் போவதும் ஒன்றல்ல. முன்னது பாதத்தின் பலவீனத்தைக் காட்டலாம். பின்னது தண்டுவடத்தின் பின்பகுதி வழியே செல்லும் உணர்வுப் பாதை பாதிக்கப்பட்டிருப்பதைச் சொல்கிறது. முதுகெலும்பு முழுவதையும் படமெடுத்தோம். மார்புப் பகுதியில் 7-ஆவது முள்ளெலும்புக்கு நேராக, தண்டுவடத்தின் பின்புறம், ஒரு சுண்டைக்காய் அளவில் மெனிஞ்சியோமா, அதாவது தண்டுவட உறையில் எழும் கட்டி, உட்கார்ந்திருந்தது.

இதற்குக் காரணம் எளிய உடற்கூறு. பெரியவர்களுக்குத் தண்டுவடம் வழக்கமாக முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை நரம்பு வேர்கள் மட்டுமே. ஆகவே கால்களில் விறைப்பு, மிகையான முட்டி அனிச்சை, அடிப்பாதத்தைக் கீறினால் மேல்நோக்கி எழும் பெருவிரல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், தேட வேண்டிய இடம் இடுப்புக்கு மேலேதான். தொப்புள் மட்டத்துக்குக் கீழே உணர்வு குறைந்திருந்தால் அது 10-ஆவது மார்பு நரம்பின் எல்லை. ஆனால் அந்த நரம்புக்குரிய தண்டுவடப் பகுதி அதே எண் கொண்ட எலும்புக்கு இரண்டு மூன்று எலும்புகள் மேலேயே அமைந்திருப்பதோடு, தண்டுவட அழுத்தத்தில் உணர்வு எல்லை உண்மையான இடத்துக்கு மிகக் கீழே தோன்றுவதும் உண்டு. உணர்வு எல்லையை அடிமட்டமாகக் கொண்டு அங்கிருந்து கழுத்துவரை தேடுவதே பாதுகாப்பு. ஸ்கேன் கோரும் தாளில் “முதுகுவலி” என்று ஒற்றைச் சொல் எழுதும் மருத்துவர் இவற்றில் ஒன்றை மட்டுமாவது சேர்த்து எழுதினால், தொழில்நுட்பர் எந்தப் பகுதியை வைப்பது என்று யூகிக்க வேண்டியிராது.

எவ்வெவ் வரிசைகள் தேவை

டி1, டி2, ஸ்டிர் ஆகிய மூன்று வரிசைகளும் (ஒரே இடத்தை வெவ்வேறு விதமாகக் காட்டும் படமுறைகள்) நெடுக்குவெட்டாக, 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமனில் எடுக்கப்பட வேண்டும். சந்தேகமான இடத்தில் டி1, டி2 குறுக்குவெட்டுகள் வேண்டும். டி2 படத்தில் நீர் வெள்ளையாகவும் தண்டுவடம் சாம்பல் நிறத்திலும் தெரியும். டி1 படத்தில் நீர் கறுப்பு, கொழுப்பு வெள்ளை. ஸ்டிர் வரிசை கொழுப்பின் ஒளியை அடக்கிவிடுவதால் எலும்பு மஜ்ஜையில் உள்ள வீக்கம் பளிச்சென்று வெளிப்படும். டி1 படத்தைப் பலர் அவசரமாகத் தள்ளிவிடுகிறார்கள். அது பெரும் பிழை. பெரியவர்களின் முள்ளெலும்பு மஜ்ஜையில் கொழுப்பு மிகுந்திருப்பதால் அது பக்கத்திலுள்ள டிஸ்க்கைவிட வெளுப்பாக இருக்க வேண்டும். டிஸ்க்கைவிடக் கறுத்த எலும்பு ஏதேனும் தெரிந்தால், புற்று பரவியிருக்கிறதா, தொற்று இருக்கிறதா என்ற கேள்வி உடனே எழ வேண்டும்.

கட்டி, தொற்று, அழற்சி ஆகியவற்றில் சந்தேகம் இருந்தால் கடோலினியம் கலந்த காண்ட்ராஸ்ட் மருந்து, அதாவது பாதிப்பைப் படத்தில் ஒளிரச் செய்யும் ஊசி மருந்து, வேண்டும். வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல். மருந்து செலுத்திய பின் கொழுப்பை அடக்கிய டி1 படம் எடுக்க வேண்டும், ஏனெனில் அடக்காத படத்தில் வெள்ளைக் கொழுப்புக்கு நடுவே வெளுத்த கட்டி ஒளிந்துகொள்ளும். ஆனால் அதற்காக மருந்துக்குப் பிறகு ஸ்டிர் எடுத்துவிடக் கூடாது. கடோலினியம் ஏறிய திசுவின் டி1 காலம் கொழுப்பின் காலத்தை நெருங்கிவிடுவதால், அவ்வரிசை கொழுப்போடு சேர்த்து நாம் தேடும் கட்டியையும் அழித்துவிடும். பேஸ்மேக்கர், மூளை இரத்தக்குழாய் கிளிப், சிறுநீரகச் செயலிழப்பு, கர்ப்பம் ஆகியவற்றைக் கேட்டறிவது வழக்கமான நடைமுறை என்பதால் இங்கே விரிக்கவில்லை.

எலும்பை எண்ணுதல்

1887-ஆம் ஆண்டு லண்டனில் வில்லியம் கவர்ஸ் நோயைக் கணித்து, விக்டர் ஹார்ஸ்லி அறுவை செய்து, தண்டுவடத்தை அழுத்திய ஒரு கட்டியை முதன்முதலாக வெற்றிகரமாக அகற்றினார்கள். திறந்து பார்த்தபோது எதிர்பார்த்த இடத்தில் கட்டி இல்லை. மேலும் மேலே எலும்பை அகற்றிக்கொண்டு போன பிறகே அது கிடைத்தது. அவர்களிடம் ஸ்கேன் இருக்கவில்லை. நம்மிடம் இருந்தும் அதே பிழை நேர்கிறதென்றால், எண்ணிக்கையில் கவனமின்மையே காரணம்.

மார்புப் பகுதியை மட்டும் எடுத்த படத்தில் எது எத்தனையாவது எலும்பு என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. கழுத்தின் இரண்டாவது எலும்பு பல் போன்ற முனையோடு இருப்பதால் அது தவறாமல் அடையாளம் தெரியும். அங்கிருந்து கீழே எண்ணிவர உதவும் முழு முதுகெலும்புப் படம் ஒன்று கட்டாயம் வேண்டும். கீழிருந்து மேலே எண்ணுவது ஆபத்து. கடைசி இடுப்பு எலும்பு, அதற்குக் கீழுள்ள முக்கோண எலும்பாகிய திரிகத்தோடு ஒட்டியிருப்பவர்களும், திரிகத்தின் முதல் துண்டு பிரிந்து நிற்பவர்களும் அரியவர்கள் அல்லர். இன்னொன்று: நம் ஊரில் பழகிய மருத்துவர்கள் மார்பு முள்ளெலும்பை ஆங்கில எழுத்து ‘டி’ கொண்டு குறிப்பதில் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. தொராசிக் என்பதன் முதலெழுத்து ஒன்று, டார்சல் என்பதன் முதலெழுத்து மற்றொன்று. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே ‘டி’. போதாக்குறைக்கு டி1, டி2 என்ற வரிசைப் பெயர்களும் அதே ஒலி. அதனால்தான் இக்கட்டுரையில் மார்பு எலும்புகளை எண்ணிட்டே சொல்கிறேன். தொலைபேசியில் அறுவை மருத்துவரிடம் பேசும்போதும் அவ்வாறே சொல்வது நல்லது.

நீரைப் படித்தல்

இனி முக்கியமான கட்டத்துக்கு வருவோம். டி2 நெடுக்குவெட்டுப் படத்தைத் திரையில் வைத்து, பாதிப்பு உள்ள இடத்தைச் சிறிது நேரம் மறந்துவிடுங்கள். அதற்கு இரண்டு எலும்பு மேலே தொடங்கி, தண்டுவடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு வெள்ளைக் கோடுகளை மட்டும் விரலால் தொடர்ந்து கீழே வாருங்கள். கட்டியை நெருங்கும்போது அக்கோடுகள் என்ன செய்கின்றன என்பதில்தான் விடை இருக்கிறது.

கட்டியின் பக்கத்தில் உள்ள வெள்ளைக் கோடு, கட்டியை நெருங்க நெருங்க அகன்று, அதன் மேல்முனையையும் கீழ்முனையையும் பிறை போலத் தழுவிக்கொண்டு, எதிர்ப்பக்கக் கோடு மெலிந்து, தண்டுவடம் அந்தப் பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தால், பாதிப்பு உறைக்கு உள்ளே, தண்டுவடத்துக்கு வெளியே இருக்கிறது. குடத்து நீரில் கை விட்டால் நீர் கையைச் சுற்றி நிற்பதுபோல, நீர்ப்பைக்கு உள்ளே இருக்கும் பொருளை நீர் சூழ்ந்தே தீரும். மாறாக, கட்டியின் பக்கக் கோடு நெருங்க நெருங்க மெலிந்து கூர்ந்து மறைந்துபோனால், கட்டி உறையை வெளியிலிருந்து உள்ளே தள்ளுகிறது என்று பொருள். அங்கே கட்டிக்கும் நீருக்கும் நடுவே ஒரு மெல்லிய கறுப்புக் கோட்டைத் தேடுங்கள், அதுதான் டியூரா. டி1 படத்தில் கட்டியின் மேலும் கீழும் உறைக்கு வெளியேயுள்ள கொழுப்பு வெள்ளைத் தொப்பி போல் ஒட்டியிருந்தால் சந்தேகமே இல்லை. மூன்றாவதாக, முன்கோடும் பின்கோடும் ஒரேபோல் மெலிந்து, நடுவில் தண்டுவடம் பாம்பு எலியை விழுங்கியதுபோல் பருத்திருந்தால் பாதிப்பு தண்டுவடத்துக்குள் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. நெடுக்குவெட்டில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கவாட்டிலிருந்து அழுத்தும் ஒரு கட்டி, தண்டுவடத்தைத் தட்டையாக்கி முன்பின்னாக அகலப்படுத்திவிடும்; நெடுக்குவெட்டில் அது தண்டுவடமே வீங்கியதுபோல் காட்டும். குறுக்குவெட்டில் ஒரே ஒரு பார்வையில் இந்த ஏமாற்று வெளிப்பட்டுவிடும். இம்மூன்று வடிவங்களும் எம்.ஆர்.ஐ.யின் கண்டுபிடிப்பும் அல்ல. 1920-களின் தொடக்கத்தில் சிக்கார், ஃபொரெஸ்தியே என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் லிப்பியோடால் எண்ணெயைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கத் தொடங்கிய காலம் தொட்டு, மைலோகிராம் படித்தவர்கள் இவ்வாறுதான் நீரின் நிழலைப் படித்தார்கள்.

கட்டியே தெரியாமல் நீர் மட்டும் பேசும் சந்தர்ப்பமும் உண்டு. மார்பின் நடுப்பகுதியில் தண்டுவடம் திடீரென முன்பக்கம் வளைந்து, பின்னால் நீர் அகன்று கிடக்கும். பின்னால் நீர்ப்பை இருந்து தள்ளுகிறதா, அல்லது முன்பக்க உறையில் உள்ள ஓட்டை வழியே தண்டுவடம் தானே வெளியே பிதுங்குகிறதா? பின்னால் உள்ள நீரில் இயல்பான துடிப்பின் கறுப்புக் கறைகள் தெரிந்தால் அங்கே பையில்லை, நீர் தடையின்றி ஓடுகிறது. தண்டுவடத்துக்கு முன்னே நீர்க்கோடு முற்றிலும் அழிந்து எலும்போடு ஒட்டியிருந்தால் பிதுக்கமே அதிகச் சாத்தியம். இரண்டுக்கும் அறுவை முறை வேறு என்பதால் இந்த வேறுபாட்டைப் படத்திலேயே தெளிந்துகொள்ள வேண்டும்.

உறைக்கு வெளியே

பொதுவாக மிக அதிகம் காண்பது டிஸ்க் பிதுக்கம். அது டிஸ்க்கோடு தொடர்பு கொண்டிருப்பதால் பெரும்பாலும் குழப்பம் தராது. அடுத்து வரும் இரண்டும் நம் நாட்டில் ஒன்றையொன்று வேடமிட்டு வருபவை: காசநோயும் பரவிய புற்றும். முதலில் டிஸ்க்கைப் பாருங்கள். புற்று எலும்பைத் தின்னும், டிஸ்க்கை விட்டுவிடும். தொற்று டிஸ்க்கின் இருபுறத்து எலும்புகளையும் சேர்த்தே பிடிக்கும். சாதாரண பாக்டீரியாத் தொற்று டிஸ்க்கைத் தொடக்கத்திலேயே கரைத்துவிடும். காசநோயில் டிஸ்க் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். முன்பக்கத் தசைநார் அடியில் பல எலும்புகளைத் தாண்டி வழிந்தோடும் சீழ், காண்ட்ராஸ்ட் படத்தில் மெல்லிய சீரான சுவர், பக்கவாட்டுத் தசையில் நோயாளியின் வலியோடு பொருந்தாத அளவுக்குப் பெரிய சீழ்ப்பை ஆகியவை காசநோயின் பக்கம் சாய்க்கும். ஆனால் டிஸ்க்கைத் தொடாமல், ஒரே எலும்பின் பின்வளைவை மட்டும் பிடிக்கும் காசநோயும் உண்டு. அது புற்று போலவே இருக்கும். அங்கே படத்தால் தீர்ப்புச் சொல்ல முயலாமல், ஊசி வழியாகத் திசு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்வதே நேர்மை. காசநோயில் தொடர்பற்ற வேறோர் இடத்திலும் எலும்பு பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் இங்கும் முழு முதுகெலும்புப் படம் தேவை.

வயதானவருக்கு எலும்பு நசுங்கியிருந்தால், அது எலும்புத் தேய்வாலா புற்றாலா என்ற கேள்வி தினமும் வரும். எலும்பின் பின்விளிம்பு முழுவதும் உருண்டு வெளியே புடைத்திருப்பதும், பின்னோக்கிச் செல்லும் தூண்களாகிய பெடிக்கிள்கள் கறுத்திருப்பதும் புற்றைச் சுட்டும். பின்மேல் மூலை மட்டும் துண்டாகப் பின்தள்ளப்பட்டிருப்பதும், மஜ்ஜையின் ஒரு பகுதியாவது இயல்பான வெண்மையோடு எஞ்சியிருப்பதும் தேய்வைச் சுட்டும்.

காய்ச்சல், முதுகுவலி, சர்க்கரை நோய் மூன்றும் சேர்ந்து வந்தால் உறைக்கு வெளியே சீழைத் தேடுங்கள். அது பெரும்பாலும் பின்புறக் கொழுப்பில், பல எலும்புகளின் நீளத்துக்கு, நாடா போலப் படர்ந்திருக்கும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவருக்குத் திடீர் வலியும் கால் செயலிழப்பும் வந்தால் இரத்தக்கட்டு. இரண்டும் சில மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டிய அவசரங்கள்.

உறைக்கு உள்ளே

இந்த அறையில் பெரும்பாலும் இரண்டே குடித்தனக்காரர்கள். நடுவயது தாண்டிய பெண், மார்புப் பகுதி, அகன்ற அடிப்பாகத்தோடு உறையில் ஒட்டியிருக்கும் கட்டி, டி2 படத்தில் தண்டுவடத்தின் நிறத்தையே ஒத்திருத்தல், காண்ட்ராஸ்டில் சீராக ஒளிர்தல் ஆகியவை மெனிஞ்சியோமா. டி2 படத்தில் வெளுத்து, இடையிடையே நீர்க்குழிகளோடு, நரம்பு வெளிவரும் துளைக்குள் கழுத்து நீட்டி, அத்துளையையே அகலப்படுத்தி உடுக்கை வடிவில் இருப்பது ஷ்வானோமா, அதாவது நரம்பின் உறையில் எழும் கட்டி. கட்டியிலிருந்து உறை நெடுக வால் போல் ஒளிரும் கோடு மெனிஞ்சியோமாவுக்கே உரியது என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள்; பிற கட்டிகளிலும் அதைக் காணலாம் என்பதால் அதை மட்டும் நம்பி எழுதாதீர்கள். பல நரம்புகளில் பல கட்டிகள் இருந்தால் நியூரோஃபைப்ரோமாட்டோசிஸ் நோயை நினைக்க வேண்டும். வால்பகுதி நரம்பு வேர்களுக்கு நடுவே நீண்ட தொத்திறைச்சி வடிவக் கட்டி இருந்தால் மிக்ஸோபாப்பில்லரி எபென்டிமோமாவைப் பட்டியலில் முதலில் வையுங்கள்.

தண்டுவடத்துக்குள்

இது தனிக்கட்டுரைக்குரிய பொருள். சுற்றிலும் உள்ளவற்றோடு குழம்பாதிருக்க மட்டும் சிலவற்றைச் சொல்கிறேன். தண்டுவடம் பருக்காமல் உள்ளே வெள்ளைத் திட்டு மட்டும் இருந்தால், அதைக் கட்டி என்று எழுதும் முன் பத்து முறை யோசியுங்கள். இரண்டு எலும்பு நீளத்துக்குக் குறைவாக, ஓரத்தில், பின்பக்கவாட்டில் இருக்கும் திட்டு மல்டிபிள் ஸ்க்லிரோசிஸாக இருக்கலாம். மூன்று எலும்புகளுக்கு மேல் நீண்டு நடுவில் இருப்பது, பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் அழற்சியாகிய நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். பின்தூண்கள் இரண்டிலும் குறுக்குவெட்டில் கவிழ்த்த ‘வி’ எழுத்துப் போல் தெரிந்தால் வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள். அறுவையே வேண்டாம், ஊசி போதும்.

தவறவே கூடாத ஒன்று உறையின் இரத்தக்குழாய்ப் பிணைப்பு, அதாவது தமனியும் சிரையும் நேரடியாக இணைந்துவிடும் கோளாறு. நடுவயது தாண்டிய ஆண், படிப்படியாகத் தளரும் கால்கள், கீழ்த் தண்டுவடம் நெடுக வெள்ளை, பின்புற நீரில் புழு நெளிவதுபோல் கறுப்புப் புள்ளிகள் என்பது இதன் படம். இதை அழற்சி என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் மோசமாகலாம். ஆனால் மார்புப் பகுதியில் இயல்பான நீரோட்டமே கறுப்புக் கறைகளைத் தரும் என்று மேலே சொன்னேன். கறை பெரிதாக, ஓரம் கலங்கி, மேகம் போல் இருந்தால் நீரோட்டம். புள்ளிகள் சிறிதாக, கூர்மையாக, அடுத்தடுத்த வெட்டுகளில் தொடர்ந்து, தண்டுவடத்தின் பரப்பைப் பல் பல்லாக அரித்ததுபோல் காட்டினால் இரத்தக்குழாய். ஐயமிருந்தால் சிஸ் அல்லது ஃபியஸ்டா எனப்படும் மெல்லிய வெட்டு வரிசையை எடுங்கள். அதேபோல், தண்டுவடத்தின் நடுவே நேர்க்கோடாக வெள்ளை இழை தெரிந்தால், அதை நீர்க்குழல் என்று எழுதும் முன் குறுக்குவெட்டில் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் அது கிப்ஸ் எனப்படும் கணக்கீட்டுப் பிழை.

அறிக்கை எழுதுதல்

அறிக்கையின் முதல் வரியில் அறை, எண்ணிட்ட எலும்பு, பக்கம் ஆகிய மூன்றும் வர வேண்டும். எங்கிருந்து எண்ணினீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். நோயின் பெயர் அதற்குப் பிறகு வரட்டும். பரவிய புற்று உறையை அழுத்தும்போது, பில்ஸ்கி அளவுகோலின்படி தரம் குறிப்பிடுங்கள். அது குறுக்குவெட்டு டி2 படத்தில் மிக நெருக்கமான இடத்தைப் பார்த்து, 0 முதல் 3 வரை தரமிடுகிறது. எலும்போடு நின்றால் 0. உறைக்கு வெளியே பரவியும் தண்டுவடம் அழுந்தாவிட்டால் 1. இதற்கு மூன்று உட்பிரிவுகள் உண்டு. தண்டுவடம் அழுந்தியும் சுற்றிலும் நீர் சிறிதாவது தெரிந்தால் 2. நீரே தெரியாவிட்டால் 3.

2-ஐயோ 3-ஐயோ எழுத நேர்ந்தால், அறிக்கை தட்டச்சாகி வரும்வரை காத்திருக்க வேண்டாம். சிகிச்சைக்குப் பின் நோயாளி நடப்பாரா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, சிகிச்சை தொடங்கும் நேரத்தில் அவர் நடந்துகொண்டிருந்தாரா என்பதே. சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, நரம்பு அறிகுறிகளோடு இத்தகைய அழுத்தம் சந்தேகிக்கப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வதும் இதனால்தான். நோயாளி ஸ்கேன் மேசையிலிருந்து இறங்குவதற்குள் அனுப்பிய மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதை அறிக்கையின் கடைசி வரியில் குறித்துவையுங்கள்.